எந்த வகுப்பு என்று கேட்பதற்கு முன்னால்

மே மாதம் பள்ளி அலுவலகத்துக்கு வரும் ஒரு வகைத் தொலைபேசி அழைப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "சார், பையன் அங்க ஆறாங் கிளாஸ் முடிச்சிட்டான். ஏழாவதுல இடம் இருக்குமா?" அங்க என்பது நியூ ஜெர்சியாக இருக்கலாம், டொராண்டோவாக இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம். எழுத்தர் ஏட்டைப் புரட்டி இடம் இருக்கிறது என்பார், கட்டணத்தைச் சொல்வார், ஜூன் முதல் வாரம் டிசியோடு வரச் சொல்லி வைத்துவிடுவார். பிள்ளையின் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் விட்டுப்போகும். அடுத்த ஆறு மாதத்தில் வரப்போகும் தலைவலியில் முக்கால்வாசிக்கு விதை அங்கேதான் விழுகிறது.

ஊட்டி, கொடைக்கானல் மலைப்பள்ளிகளுக்கு இதெல்லாம் பழகிய வேலை. 1899இல் தொடங்கிய ஹெப்ரான் பள்ளியும் 1901இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியும் ஆரம்பம் முதலே வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவை. தடுமாற்றமெல்லாம் கோவையிலும் திருச்சியிலும் சென்னைப் புறநகரிலும், வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும் சமவெளிப் பள்ளிகளில்தான். இந்தப் பதிவு அவர்களுக்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பும் பெற்றோருக்கும்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளை துபாயில் பத்து வருஷம் படித்திருந்தாலும் சட்டப்படி இந்திய மாணவன்தான். சேர்க்கை வழக்கம்போல. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ள பிள்ளைக்கு விசா தேவையில்லை, எத்தனை வருஷம் தங்கினாலும் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் தேவையில்லை. நேபாள, பூட்டான் குடிமக்களுக்கும் விசா கிடையாது. மற்ற வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு படிக்கவென்றே வரும் பிள்ளைக்கு மாணவர் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து இறங்கி, "சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்கிறோம்" என்பது நடக்காது. அதை இங்கிருந்தபடி மாணவர் விசாவாக மாற்ற வழியில்லை. திரும்பிப் போய் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்துவிட்டுத்தான் வர வேண்டும். விமானச் செலவையும் பாதிக் காலாண்டையும் இப்படித் தொலைத்த குடும்பங்கள் உண்டு.

பெற்றோரிடம் வேரூன்றிப்போன ஒரு நம்பிக்கையையும் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்: "நாங்க ரெண்டு பேரும் இந்தியன் பாஸ்போர்ட்தானே, பாப்பாவும் இந்தியன்தானே?" அமெரிக்காவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகள். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும், குழந்தைக்கு வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியும் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்திருப்பார்கள். இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் இல்லை. ஆகவே பாப்பா வெளிநாட்டவர். ஓசிஐ எடுத்துவிட்டு வாருங்கள் என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டால் ஜூனில் யாருக்கும் வியர்க்காது.

ஓசிஐ பெற்றோருக்குச் சேர்க்கை நாளிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுவது நியாயம். 2021 மார்ச் 4ஆம் தேதி மத்திய அரசின் அறிவிக்கைப்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளை எழுதும் ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்கு இல்லை. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அட்டையின் தேதியைப் பார்த்துக் கோப்பில் குறித்து வையுங்கள். மருத்துவக் கனவோடு ஆறாம் வகுப்பில் சேர்க்கும் தந்தைக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில் தெரியவந்தால் பழி பள்ளியின் தலையில்தான் விழும்.

மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முகாம் அடையாளத்தை வைத்து அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வருகிறார்கள். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்டு அலைக்கழிப்பது அறியாமை.

சேர்க்கைக் கடிதம்

மாணவர் விசாவுக்குப் பள்ளி கொடுக்கும் சேர்க்கைக் கடிதம் ஒரே ஒரு பக்கம்தான். ஆனால் தூதரகம் பார்ப்பதும் பிறகு எஃப்ஆர்ஆர்ஓ ஒப்பிடுவதும் அதைத்தான். பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில், அதே வரிசையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, சேரும் வகுப்பு, படிப்பு தொடங்கும் நாளும் முடியும் நாளும், பள்ளியின் அங்கீகார எண், விடுதி உண்டா இல்லையா, கட்டணம் எவ்வளவு, எவ்வளவு கட்டியாகிவிட்டது எல்லாம் வேண்டும். 'முடியும் நாள்' என்ற இடத்தில்தான் கை தவறும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டு வரை படிக்கப்போகிறது என்று தெரிந்தும், 'இக்கல்வியாண்டுக்கு' என்று பழைய மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள். விசாவும் அந்த ஒரு வருடத்துக்கே வந்து சேரும். பிறகு ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு ஓட வேண்டும்.

பள்ளியின் பெயரிலும் கவனம் தேவை. அறக்கட்டளைக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர், பலகையில் சுருக்கமாக இன்னொரு பெயர் என்று இருக்கும் ஊர் இது. விசாவில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அந்தப் பெயரில்தான் போனஃபைட் சான்றிதழும் (பிள்ளை இங்கே படிக்கிறது என்று பள்ளி தருவது) மற்ற படிவங்களும் போக வேண்டும். அதே நிர்வாகத்தின் இன்னொரு கிளைக்குப் பிள்ளையை மாற்றுவதும் நமக்குத்தான் உள்வீட்டு விஷயம். விசாவைப் பொறுத்தவரை அது பள்ளி மாற்றம், அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.

வந்திறங்கிய பிறகு இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். ஒன்று 24 மணி நேரக் கடிகாரம், அதற்குள் அரசுக்குத் தகவல் போய்விட வேண்டும். விடுதியில் வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் சி ஃபார்ம், பள்ளியில் சேர்ந்தால் எஸ் ஃபார்ம் என்பது அலுவலக வழக்கு. 2025 செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டின் பழைய வெளிநாட்டவர் சட்டம் போய்ப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. தங்க இடம் தருபவரும் கல்வி நிறுவனமும் தகவல் தர வேண்டும் என்ற கடமை அதிலும் தொடர்கிறது. இரண்டையும் இணையத்தில்தான் பதிய வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. கணக்கு கேட்டு விண்ணப்பித்த அன்றே கிடைத்துவிடாது, ஒப்புதல் வர நாளாகும். பிள்ளை விமானம் ஏறிய பிறகு கணக்குத் திறக்க உட்கார்ந்தால் 24 மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். ஏப்ரலிலேயே திறந்து வைத்துவிட வேண்டிய கதவு அது.

மற்றது 14 நாள் கடிகாரம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும். 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு இல்லை. ஆனால் விடுதியும் பள்ளியும் தர வேண்டிய தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டு, "சின்னப் புள்ளதானே" என்று எதையுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். 2018 முதல் பதிவு இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் நடக்கிறது. பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசாப் பக்கம், விமான நிலையத்தில் குத்திய முத்திரை உள்ள பக்கம், புகைப்படம், போனஃபைட், தங்குமிடச் சான்றாக சி ஃபார்ம் நகல் ஆகியவை வேண்டும். சி ஃபார்ம் இல்லாமல் இந்த விண்ணப்பம் நகராது, எஸ் ஃபார்ம் இல்லாமல் பின்னால் நீட்டிப்பு நகராது. திரும்பி வரும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் தவறு, முத்திரைப் பக்கத்தை விட்டுவிடுவது. விசா ஒட்டியிருக்கும் பக்கத்திலேயே முத்திரையும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிகாரி எங்கே காலியிடம் கண்டாரோ அங்கே குத்தியிருப்பார். பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். சென்னையில் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகம் உண்டு. பிற மாவட்டங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான் பதிவு அலுவலர். ஆகவே உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தால் பதற வேண்டாம். பிள்ளையை அவர் முன் நிறுத்துவதற்கு முன் இது வழக்கமான நடைமுறைதான் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காக்கிச் சட்டையைப் பள்ளிக்குள் பார்த்துப் பழகாத பிள்ளை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே நினைக்கும்.

பெயரும் தேதியும்

நம் பெயர்கள் முன்னெழுத்தில் ஓடுபவை. பாஸ்போர்ட்டோ குடும்பப்பெயர் கேட்கும். அப்பா பெயர் குமரன், பையன் அருண் என்றால் நம் ஏட்டில் அவன் கு. அருண், பாஸ்போர்ட்டில் அருண் குமரன். வாரியச் சான்றிதழிலும் அருண் குமரன் என்றே வர வேண்டும், அதனால் சேர்க்கைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதுங்கள். வருகைப்பதிவில் வேண்டுமானால் கு. அருண் என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். இலங்கைத் தமிழர் பெயரில் பெரும்பாலும் அப்பா பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வரும். 'கந்தசாமி அருளினி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து முதல் நாள் ஆசிரியர், "கந்தசாமி யாரு?" என்று கேட்டு வகுப்பே சிரிக்க, அந்தப் பெண்குழந்தை ஒரு வாரம் வாய் திறக்காது. கொரியப் பெயர்களிலும் குடும்பப்பெயர்தான் முதலில். இந்தோனேசியாவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் ஒற்றைப் பெயரோடு வருபவர்கள் உண்டு. எல்லோருக்கும் பொதுவான தீர்வு ஒன்றே: விண்ணப்பத்தில் 'பிள்ளையை எப்படிக் கூப்பிட வேண்டும்?' என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, அதைத் தமிழ் எழுத்திலும் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவது.

இதைவிட ஆபத்தானது தேதி. அமெரிக்க ஆவணத்தில் 05/08/2014 என்றால் மே 8. நம் எழுத்தர் ஆகஸ்ட் 5 என்றுதான் ஏற்றுவார். அவர்மேல் தப்பில்லை, பழக்கம் அப்படி. நாள் 12க்கு மேல் இருந்தால் கணினி முரண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் வாரியப் பதிவு ஆன பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து மட்டுமே பதியுங்கள், பழைய பள்ளியின் அறிக்கை அட்டையைப் பார்த்து வேண்டாம்.

டிசி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நம்மூர் டிசி என்ற சங்கதியே கிடையாது. அங்க அடையாளம் இரண்டு (வலது முழங்கையில் ஒரு மச்சம் வகையறா) எழுதிய தாளை அந்தப் பள்ளியிடம் போய்க் கேட்டால் விழிப்பார்கள். பள்ளியிலிருந்து விலகியதற்கான கடிதம், கடைசி இரண்டு வருட மதிப்பெண் அறிக்கை, தடுப்பூசிப் பதிவு, இவை போதும். அமெரிக்க ஆவணத்துக்கு அந்தந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கி வரச் சொல்லலாம். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. இங்கே வந்த பிறகு அதை வாங்குவது தபாலிலும் தரகரிலும் பணத்தைக் கரைக்கும் வேலை. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆதார் இல்லாததும் தடையில்லை. வெளிநாட்டவர் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் ஆதாருக்கே விண்ணப்பிக்க முடியும் என்பதால், வந்த கையோடு ஆதார் கேட்பது பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் கேட்பது போல.

எந்த வகுப்பு

இப்போது கேட்கலாம். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க, கனடிய வகுப்பு எண் ஏறக்குறைய நம் எண்ணோடு பொருந்தும். இங்கிலாந்தில் 'இயர் 7' என்றால் நம் ஆறாம் வகுப்பு. ஒன்று கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 'இயர் 7 முடித்துவிட்டான்' என்று எட்டில் உட்கார வைத்தால், பையன் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்கள் நடுவே திணறுவான். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஆறு வருஷம், 'செகண்டரி 1' என்பது நம் ஏழு. இலங்கையில் ஓ லெவல் 11ஆம் தரத்தில் வருகிறது, நமக்கோ பத்திலேயே பொதுத்தேர்வு. சிங்கப்பூர், ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூனில் இங்கே வரும்போது அரை வகுப்பு பாக்கி இருக்கும். அந்த அரை வகுப்பை முன்னால் தள்ளுவதா, பின்னால் இழுப்பதா? வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெற்றோரின் மானப் பிரச்சினை ஆக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் கீழ் வகுப்பே மேல் என்பது என் கட்சி. மொழியும் ஊரும் புதிதாக இருக்கிற வருஷத்தில் பாடமாவது தெரிந்ததாக இருக்கட்டும்.

சிபிஎஸ்இ பள்ளியென்றால் எட்டுக்குள் வந்துவிடுவது நல்லது. ஒன்பதில் வாரியப் பதிவு. பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர வாரியத்தின் தனி அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை.

நுழைவுத் தேர்வு வைத்துப் பார்த்தால் கணக்கில் விநோதமாக மதிப்பெண் குறையும். அறிவுக்குறைவால் அல்ல. 1,00,000 என்று காற்புள்ளி போட்டால் அது எந்த எண் என்றே தெரியாமல் விழிக்கும் பிள்ளை, லட்சம், கோடி என்ற சொற்களைக் கேட்டிருக்காது. கால்குலேட்டர் தட்டிப் பழகிய கைக்கு வாய்ப்பாடு வராது, இங்கே வாரியத் தேர்வில் கால்குலேட்டரும் கிடையாது. இரண்டு வாரம் பழக்கினால் சரியாகிவிடும். அதுவரை அந்த மதிப்பெண்ணை நம்பி பிரிவு பிரிக்காதீர்கள்.

தமிழ் எழுத்து

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் ஆனது. சிபிஎஸ்இ முதலான மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 முதல் அதேபோல் ஒன்றாம் வகுப்பிலிருந்து விரிந்தது. ஆக, வெளிநாட்டிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளை, சக மாணவர்கள் ஆறு வருஷம் படித்த மொழியை முதல் நாள் சந்திக்கிறது.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைதானே, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைப்பது அரை உண்மை. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்ட காதுக்குப் புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' இன்னொரு மொழி. ஆங்கில எழுத்தில் பழகிய பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, தம்பியில் ஒலிக்கும் பகரத்துக்கும் பழத்தில் ஒலிக்கும் பகரத்துக்கும் ஏன் ஒரே எழுத்து என்பது. நியாயமான கேள்வி. "அப்படித்தான்" என்று அடக்காமல், மெல்லினத்துக்குப் பின்னாலும் உயிருக்கு நடுவிலும் ஒலி மென்மையாகும் என்று சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். அடுத்த இடறல் கொம்பு. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. பிள்ளை காதில் கேட்ட வரிசையிலேயே எழுதி, க போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் தொங்கவிடும். 'கொ' இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து மலைத்துப்போகும். 247 எழுத்து என்று அட்டவணையை நீட்டிப் பயமுறுத்தாமல், 12 உயிரும் 18 மெய்யும் பத்துப் பன்னிரண்டு குறிகளும் என்று சொல்லுங்கள். தினம் 20 நிமிடம் போதும். அரை நாள் வகுப்பிலிருந்து இழுத்துப் போய் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைக்கும் பள்ளிகள் உண்டு. அந்த அவமானத்தில் பிள்ளை தமிழையே வெறுத்துவிடும். நூலகத்தின் ஓரத்தில் ஒரு மேஜை கொடுங்கள், போதும்.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் ஈழத்துக் குடும்பப் பிள்ளை 'ஓம்' என்று தலையாட்டும், 'கதைக்கிறேன்' என்று சொல்லும், 'பேந்து வாறன்' என்று போகும். மலேசியப் பிள்ளை "பசியாறியாச்சா?" என்று விசாரிக்கும். வகுப்பு சிரிக்கும். அந்த இடத்தில் ஆசிரியர் அந்தச் சொல்லைத் திருத்தினால் தீர்ந்தது கதை. அது பிழையில்லை, இன்னொரு ஊர்த் தமிழ். 'கதைத்தல்' என்றால் பேசுதல் என்று பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தால், அடுத்த வாரம் வகுப்பே கதைத்துக்கொண்டிருக்கும்.

விடுதி, சமையல்கட்டு, மருந்துப்பெட்டி

ஒவ்வாமை பற்றி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அது சமையல்கட்டுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் காணாமல் போகிறது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வார்டன் போய்ச் சமையல் மாஸ்டரிடம் "இந்தப் புள்ளைக்குக் கடலை போடாதீங்க" என்பார். மாஸ்டர் தாளிப்பில் கடலைப்பருப்பை நிறுத்திவிடுவார், கொண்டைக்கடலைச் சுண்டலைத் தரமாட்டார், பொட்டுக்கடலைச் சட்னியை மாற்றுவார், எல்லாவற்றையும் கடலை எண்ணெயில் சமைப்பார். நம் மொழியில் கடலை என்ற ஒரே சொல்லுக்குள் நாலு பண்டம் இருக்கிறது. வேர்க்கடலை என்றோ நிலக்கடலை என்றோ, விழுப்புரம் பக்கத்து மாஸ்டராயிருந்தால் மல்லாட்டை என்றோ, ஒரு கை அள்ளிக் காட்டிச் சொல்ல வேண்டும். எண்ணெய், எலுமிச்சை சாதத்தின் தாளிப்பு, சட்னி, மாலையில் கடலைமிட்டாய் என்று அது ஒளிந்திருக்கும் இடங்களை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எள் ஒவ்வாமையென்றால் நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் அதில் சேரும். அந்நாடுகளில் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் எபிபென் ஊசி இங்கே மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்காது. காலாவதித் தேதி பார்த்து இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்று விடுதியில், ஒன்று பள்ளி மருத்துவ அறையில். பூட்டி வைக்காதீர்கள்.

கவனக்குறைவுக் கோளாறுக்கு அட்டரால் சாப்பிடும் அமெரிக்கப் பிள்ளைகள் நிறைய. ஆம்ஃபெட்டமின் வகை மருந்து அது. இங்கே விற்பனையில் இல்லை, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வேறு வருகிறது. மாற்றாக மெத்தில்ஃபெனிடேட் மருத்துவர் சீட்டில் கிடைக்கும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. விடுதிக்கு வந்து மாத்திரை தீர்ந்த பிறகு முழிப்பதில் பயனில்லை. மருத்துவ ஒப்புதலும் அப்படித்தான். அவசர அறுவைக்குக் கையெழுத்துப் போட அப்பா நியூ ஜெர்சியில் தூங்கிக்கொண்டிருப்பார். இந்தியாவில் உள்ள உறவினர் ஒருவரைப் பொறுப்பாளராகப் பெற்றோர் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்க வேண்டும். அந்த உறவினர் எட்டு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவராக இருப்பது நல்லது.

நாய் விஷயம் முதல் வாரத்திலேயே சொல்லப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தெருநாயும் செல்லம்தான், வெறிநோய் என்ற சொல்லே புதிது. கீறல் பட்டால் திட்டு விழும் என்று மறைத்துவிடும். கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்ல வேண்டும், யாரும் திட்டமாட்டார்கள், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி என்று சொல்லி வையுங்கள்.

சின்னச் சின்னவை சில. நம் மின்சாரம் 230 வோல்ட். 100-240 என்று அச்சிட்ட சார்ஜர் பிழைக்கும், அமெரிக்க முடி உலர்த்தி புகைந்துவிடும். 18 வயதுக்குக் கீழே சொந்தப் பெயரில் சிம் கிடைக்காது. வாளியும் குவளையும் வைத்துக் குளிப்பதை யாராவது நேரில் விளக்கத்தான் வேண்டும், கூச்சப்பட்டுக் கேட்காது. மலைப்பள்ளியென்றால் கொண்டை ஊசி வளைவுகளைப் பகலில் ஏறுங்கள், முன் இருக்கை கொடுங்கள், பை ஒன்று கையில் இருக்கட்டும்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தை விடுதிக்குப் பொதுவாக ஏழு மணி என்று வைத்துவிடுகிறார்கள். இங்கே இரவு 7 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை 9.30, அம்மா வேலைக்குப் போயிருப்பார். சியோலில் இரவு 10.30, சிட்னியில் இன்னும் பிந்தி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நேரம் எழுதி ஒட்ட வேண்டும். அமெரிக்கப் பிள்ளைக்குக் காலை 6.30 பொருந்தும், அங்கே முந்தைய நாள் இரவு 9. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் ஒரு நாள் அழைப்பு தவறினால் அன்றிரவு அழுகைதான்.

பணம்

வெளிநாட்டு மாணவரிடம் வாங்கும் கட்டணம், வெளிநாட்டுப் பணம் பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, சட்டத்திலேயே விளக்கமாக அப்படிச் சொல்லியிருக்கிறது. நன்கொடை வேறு. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தந்தை, ஓசிஐ வைத்திருந்தாலும், பள்ளிக்கு ஒரு கட்டடத்துக்கென்று பணம் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ பதிவும் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் தொடக் கூடாது. கட்டணத்தோடு சேர்த்து "கொஞ்சம் மேல போட்டிருக்கேன், வச்சுக்குங்க" என்று அனுப்புவதும் இதில்தான் மாட்டும். ரசீதில் கட்டணம் எந்தத் தலைப்பில், எந்தப் பருவத்துக்கு என்று பிரித்து எழுதுங்கள். வெளிநாட்டு வங்கியிலிருந்து வயர் டிரான்ஸ்ஃபரில் அனுப்பும் பணம் இடைப்பட்ட வங்கிகளின் பிடித்தம் போகக் குறைந்துதான் வந்து சேரும். அனுப்பும் பக்கமே எல்லாக் கட்டணத்தையும் ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பாக்கி ஆயிரம் ரூபாய்க்குக் கடிதம் எழுதும் சங்கடம் இருக்காது.

கடைசியாக, எழுத்தரின் மேஜைக்குமேல் ஒட்ட வேண்டிய ஒரு தாள். பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் முடியும் தேதி, விசா முடியும் தேதி, மாதவாரியாக. அமெரிக்காவும் பிரிட்டனும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஐந்து வருடப் பாஸ்போர்ட்தான் தருகின்றன. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் படிப்பு முடிவதற்குள் அது ஒரு முறையாவது காலாவதியாகும். விசா ஒட்டியிருக்கும் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் புதியதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓசிஐ பிள்ளையென்றால் 20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். மார்ச்சில் முடியும் விசாவுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மார்ச்சில் அதே எழுத்தர் ஹால் டிக்கெட் கட்டுகளுக்கு நடுவே தலையைக்கூட நிமிர்த்த முடியாமல் இருப்பார்.